பொறாமை பற்றிய வேதபாடம்: யோசனை தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தரங்கம்பாடிப் பக்கம் நடக்கும் வேதபாடத்துக்கு 1 சாமுவேல் 18-ஐ எடுத்திருக்கிறோம். 4-ஆம் வசனத்தில் யோனத்தான் தன் சால்வை, பட்டயம், வில், கச்சை எல்லாவற்றையும் தாவீதுக்குக் கழற்றிக் கொடுக்கிறான். 9-ஆம் வசனத்தில் யோனத்தானின் தகப்பன் சவுல் ராஜா அதே தாவீதைக் காய்மகாரமாய் (பொறாமையோடு) பார்க்கிறான். இத்தனைக்கும் சிம்மாசனத்துக்கு அடுத்த வாரிசு யோனத்தான்தான்! பாடத்தின் உயிரே அதுதான்.

பயிற்சி இது: யார்மேல் எரிச்சலோ, அவர் பேரைச் சொல்லி ஒரு வாரம் தினமும் ஜெபம், வாரம் முடிவதற்குள் அவருக்கு ஓர் உதவி. பேரை மனதுக்குள்தான் வைக்கணும், கூட்டத்தில் சொன்னால் ஊர்வம்பாகிவிடும். பாராட்டு மட்டும் போதாது, உதட்டோடு நின்றுவிடுகிறது.

இடறுவது இங்கேதான். போர்வெல் தண்ணீரில் பக்கத்து வயல்காரர் குறுவை நெல்லை முந்தி நட்டுவிடுகிறார். மேட்டூர் அணைத் திறப்புக்குக் காத்திருப்பவர் அவருக்கு என்ன உதவி செய்ய முடியும்? சபையில் நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.