சிஎம்என் உப்பின் கோடு 1.6 கெல்வினுக்குக் கீழே வளைகிறது: எந்த வெப்பமானியை நம்புவது?

கேள்வி:
சீரியம் மக்னீசியம் நைட்ரேட் (சிஎம்என்) என்ற காந்த உப்பை வெப்பமானியாகப் பயன்படுத்த, திரவ ஹீலியம்-4-இன் ஆவியழுத்தம் காட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டு அளவீடு செய்கிறேன். உப்பு, ஆவியழுத்தக் குமிழ் இரண்டும் ஒரே செம்புக் கட்டையில் உள்ளன. குமிழிலிருந்து 1 மி.மீ. உள்விட்டமுள்ள எஃகுக் குழாய் மேலே அழுத்தமானிக்குப் போகிறது. உப்பின் காந்த ஏற்புத்திறனை அளக்கும் சுருளின் சிக்னலை 1/T-க்கு (T ஆவியழுத்தத்திலிருந்து வரும் வெப்பநிலை) எதிராக வரைந்தால் 4.2 முதல் 1.6 கெல்வின் வரை நேர்கோடு, அதற்குக் கீழே வளைவு. உப்பு கெட்டுவிட்டதா?

பதில் 1:
வளைவு மேல்நோக்கியா, கீழ்நோக்கியா? அதைச் சொல்லாமல் எதையும் முடிவு செய்ய முடியாது. கீழ்நோக்கி என்றால் உப்பு கட்டையளவு குளிரவில்லை. தூளுக்கும் செம்புக்கும் வெப்பத் தொடர்பு போதவில்லை. அறை வெப்பநிலையில் வெற்றிடத்தில் வைத்திருந்தால் படிக நீரும் போயிருக்கலாம்.

கேட்டவர்:
மேல்நோக்கி. குளிர்விக்கும்போதும் சூடாக்கும்போதும் ஒரே பாதைதான்.

பதில் 1:
அப்படியானால் உப்பு குற்றவாளி அல்ல. கியூரி விதியை (காந்த ஏற்புத்திறன் 1/T-க்கு நேர்விகிதம்) அது சில மில்லிகெல்வின் வரை நன்றாகவே பின்பற்றும். உங்கள் அழுத்தமானிதான் உண்மையைவிட அதிகம் காட்டுகிறது. 1.25 கெல்வினில் ஆவியழுத்தம் சுமார் 115 பாஸ்கல்தான். அங்கே மூலக்கூறுகளின் மோதலிடைத் தூரம் (இரு மோதல்களுக்கு இடையே அவை செல்லும் சராசரித் தூரம்), குழாயின் சூடான மேல்பகுதியில், அதன் ஆரத்தோடு ஒப்பிடும் அளவுக்கு வந்துவிடுகிறது. அதனால் சூடான முனையில் அழுத்தம் கூடும். இது போதாதென்று 2.17 கெல்வினுக்குக் கீழே மீபாய்மப் படலம் (உராய்வின்றி ஓடும் திரவ ஹீலியத்தின் மெல்லிய ஏடு) குழாய்ச் சுவரில் ஏறி, சூடான இடத்தில் ஆவியாகித் திரும்பும். இதுவும் அழுத்தத்தைக் கூட்டும்.

பதில் 2:
சரியான வழி குமிழில் ஹீலியம்-4-க்குப் பதில் அதன் இலேசான ஐசோடோப்பான ஹீலியம்-3. 1 கெல்வினில் அதன் ஆவியழுத்தம் சுமார் 1180 பாஸ்கல், ஹீலியம்-4-ஐப் போல 75 மடங்கு. இந்த வெப்பநிலைகளில் மீபாய்மப் படலமும் இல்லை. 1990 சர்வதேச வெப்பநிலை அளவுகோலில் 0.65 முதல் 3.2 கெல்வின் வரை அதற்கு அட்டவணை உண்டு. ஆனால் ஹீலியம்-4 கலந்திருந்தால் அழுத்தம் குறையும். வாங்கும்போதே தூய்மையைப் பாருங்கள்.

கேட்டவர்:
ஹீலியம்-3 இப்போதைக்கு எங்கள் கைக்கு எட்டாது.

பதில் 1:
குழாயின் சூடான பகுதியை அகலமாக்குங்கள், குமிழின் வாயில் சிறு துளைத் தடுப்பு வையுங்கள். படலத்தின் ஓட்டம் குறையும். அதுவரை 1.7-க்கு மேலுள்ள புள்ளிகளுக்கு மட்டும் கோடு பொருத்தி, கீழே உப்பையே நம்புங்கள். 4.2-லிருந்து 1.7 வரை 1/T 0.24-லிருந்து 0.59 வரைதான் போகிறது. 1 கெல்வினுக்கு 1.0 வேண்டும். பொருத்தலில் வரும் சிறு பிழையும் அங்கே பெரிதாகும் என்பதால் ஒவ்வொரு புள்ளியிலும் நிதானமாக நின்று எடுங்கள்.