ஆர்டிஎக்ஸ் 4070: ஓவர்க்ளாக் பண்ணா உண்மையில எவ்வளவு கிடைக்கும்?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. புது ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கேன். ரெண்டு ஃபேன், ஒரே ஒரு 8 பின் பவர் கேபிள். கூட ரைசன் 5 5600 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 650 வாட் எஸ்எம்பிஎஸ், 1440பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். சைபர்பங்க் 2077 கேம்ல ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்கிடுற வசதி) ஆன் பண்ணா 60 எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு 60 ஃபிரேம்) ஒட்டியே நிக்குது. ஆஃப்டர்பர்னர்ல (கார்டோட க்ளாக், பவரை மாத்துற சாஃப்ட்வேர்) பவர் லிமிட் 100%க்கு மேல நகரவே மாட்டேங்குது. ரூம்ல ஏசி இல்ல, விளையாடும்போது கார்டு 76 டிகிரி. ஓவர்க்ளாக் பண்றது, அதாவது நிர்ணயிச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது, பிரயோஜனமா? வாரன்டி போயிடுமா?

மின்சுற்று:
முதல்ல ஆஃப்டர்பர்னர் ஓவர்லேல (கேம் ஓடும்போதே திரை மேல காட்டுற எண்கள்) ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப்போட யூசேஜ் பாருங்க. 97–99%ல நின்னா கார்டுதான் முட்டுது. 80, 85%ன்னு இறங்கினா உங்க 5600 திணறுதுன்னு அர்த்தம். ரே ட்ரேசிங் சிபியு மேலயும் சுமை ஏத்தும். அப்போ கார்டை எவ்வளவு முடுக்கினாலும் ஒரு ஃபிரேம்கூட ஏறாது.

பவர் லிமிட் நகராததுக்குக் காரணம் இருக்கு. 4070க்கு நிர்ணயிச்சது 200 வாட். 8 பின் கேபிள் 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட், மொத்தமே 225தான். அதனால சில மாடல்கள்ல கார்டோட பயாஸ்லயே (உள்ளேயே பதிஞ்ச அடிப்படை சாஃப்ட்வேர்) 200ல பூட்டிடறாங்க. கோர் க்ளாக்ல (சிப்போட வேகம்) +150 மெகாஹெர்ட்ஸ் போட்டாலும், கனமான காட்சி வந்தா பவர் எல்லையில இடிச்சு க்ளாக் தானா இறங்கிடும். நிஜ கேம்ல 4–6% கிடைச்சா நல்ல கார்டு. 60 எஃப்பிஎஸ் 63 ஆகும், கண்ணுக்குத் தெரியாது.

மெமரிலதான் கொஞ்சம் இடம் இருக்கு. இந்தக் கார்டுல 21 ஜிபிபிஎஸ் வேக ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, 192 பிட் பஸ், அதாவது நொடிக்கு 504 ஜிபி. ஆஃப்டர்பர்னர்ல +1000 போட்டா சுமார் 23 ஜிபிபிஎஸ், 552 ஜிபி. 1440பில அதோட பலன் கோரை ஏத்துறதைவிட நம்பகமா இருக்கும்.

வெயில்நிழல்:
ஏசி இல்லாத அறையில நான் ஓவர்க்ளாக்கைவிட அண்டர்வோல்ட்தான் (சிப்புக்குப் போற வோல்டேஜைக் குறைக்கிறது) சொல்வேன். ஒரே க்ளாக்ல சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 1.05 வோல்ட்லேர்ந்து 0.95க்கு இறக்கினா ஏறத்தாழ 18% குறையும். பவர் எல்லைக்குக் கீழ வந்துடறதால க்ளாக் ஏறி இறங்காம ஒரே சீரா நிக்கும். சித்திரை வெயில்ல அறைச் சூடு 5 டிகிரி ஏறினா கார்டும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும், அதையும் கணக்குல வெச்சுக்கங்க.

செய்முறை: ஆஃப்டர்பர்னர்ல கன்ட்ரோல்+எஃப் அழுத்தினா கர்வ் (எந்த வோல்டேஜுக்கு எவ்வளவு க்ளாக்னு காட்டுற கோடு) திறக்கும். மெயின் விண்டோல கோர் ஆஃப்செட் -200 போட்டு அப்ளை பண்ணுங்க, கர்வ் முழுசா கீழ இறங்கும். 950 மில்லிவோல்ட் புள்ளியை மட்டும் பிடிச்சு 2600 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் மேல இழுத்துட்டு மறுபடி அப்ளை. வலப்பக்கம் கர்வ் மட்டமா ஆயிடும். அது ஸ்திரமா ஓடினா 15 மெகாஹெர்ட்ஸ் 15 மெகாஹெர்ட்ஸா ஏத்துங்க.

சோதனைக்கு வெறும் பெஞ்ச்மார்க் போதாது. ரே ட்ரேசிங் கேம்லதான் முதல்ல சொதப்பும், அதனால சைபர்பங்க்லயே ஒரு மணி நேரம் ஓட விடுங்க. திரை கறுத்து கேம் டெஸ்க்டாப்புக்கு விழுந்தா ஈவென்ட் வியூவர்ல 4101 இருக்கான்னு பாருங்க. டிரைவர் 2 நொடி பதில் சொல்லாததால விண்டோஸ் அதை ரீசெட் பண்ணின பதிவு அது. அப்படி வந்தா 15–30 மெகாஹெர்ட்ஸ் குறைச்சுடுங்க. விண்டோஸ் துவங்கும்போதே அப்ளை ஆகுற பட்டனை ஒரு வாரம் தொடவே தொடாதீங்க.

வாரன்டி விஷயத்துல, ஸ்லைடர்கள் பயாஸ் விடுற எல்லையைத் தாண்டாது, சிப்பை எரிக்கிற அளவுக்கு வோல்டேஜ் ஏத்தவும் முடியாது. வேற மாடலோட பயாஸை ஃபிளாஷ் பண்றதுதான் வம்பு. நிபந்தனை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கார்டோட வந்த தாளைப் படிச்சிடுங்க.

வைகைக்கரை:
ரொம்ப நன்றிங்க. யூசேஜ் 98%. 950ல 2640 நிக்குது, 68 டிகிரிதான். ஆனா மெமரில +1400 போட்டா கிராஷும் ஆகல, சூப்பர்பொசிஷன் பெஞ்ச்மார்க் ஸ்கோர் +1000ல வந்ததைவிடக் கம்மியா வருது. ஏன்?

மின்சுற்று:
ஜிடிடிஆர்6எக்ஸ்ல பிழை கண்டுபிடிச்சு டேட்டாவைத் திரும்ப அனுப்பும் வசதி இருக்கு. எல்லை தாண்டினா கிராஷ் ஆகாது, திரும்ப அனுப்புறதுலயே நேரம் போயிடும். அதனால மெமரிக்குக் கிராஷை அளவுகோலா வெச்சுக்காதீங்க, ஸ்கோரைப் பாருங்க. +500ல தொடங்கி 250, 250ஆ ஏத்தி, ஒவ்வொரு படிக்கும் மூணு தடவை ஓட்டி சராசரி எடுங்க. ஸ்கோர் ஏறாம நிக்குற படிக்கு ஒரு படி முன்னாடி நிறுத்திடுங்க. அண்டர்வோல்ட் போட்டபிறகு மெமரியைத் தனியா மறுபடி சோதிக்கணும், ரெண்டும் ஒரே பவர் பட்ஜெட்லேர்ந்துதான் எடுக்குது.