நியூசிலாந்தில் பெரிய பால் பண்ணை வாங்கிப் போகலாமா?

கோத்தகிரிக்காரன்: எட்டு ஜெர்சி கலப்பு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். சுற்றிலும் தேயிலை, மேய்ச்சலுக்கு இடமில்லை, தீவன விலையும் கட்டுப்படியாகவில்லை. நிலத்தை விற்றுவிட்டு நியூசிலாந்தில் ஒரு பண்ணை வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகாட்டோ தம்பி: அண்ணா, முதலில் நிலத்தை விற்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் நான் இருக்கிற இந்த நியூசிலாந்தில் 5 ஹெக்டேருக்கு மேல் விவசாய நிலம் வாங்க அரசு அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. உள்ளூர்ப் பையன்களே வேலையாளாகச் சேர்ந்து, பிறகு கான்ட்ராக்டில் பால் கறந்து, அப்புறம் மாடு மட்டும் சொந்தமாக வாங்கி அடுத்தவர் நிலத்தில் பால் பணம் ஆளுக்குப் பாதி என்று படிப்படியாகத்தான் மேலே வருகிறார்கள். பண்ணை மாறுகிறவர்கள் ஜூன் 1 வாக்கில் மாறுவார்கள். ஜூலை, ஆகஸ்டில் நூற்றுக்கணக்கான மாடுகள் அடுத்தடுத்து கன்று போடும், தூக்கத்தை மறந்துவிடுங்கள்.

ஊட்டி அக்கா: குளிர் பழக்கம்தான் உங்களுக்கு. ஆனால் அங்கே பெரும்பாலும் கொட்டகையே கிடையாது, மழையோ பனியோ மாடு புல்வெளியில்தான். எட்டு மாட்டுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறவருக்கு அது வேறு தொழில்.

கோத்தகிரிக்காரன்: சரி தம்பி. 44 வயதில் வேலையாளாகச் சேர்த்துக்கொள்வார்களா?

வைகாட்டோ தம்பி: சேர்ப்பார்கள். பெரிய பண்ணையில் வேலை பார்த்த அனுபவம் கேட்பார்கள், அதற்கு முதலில் ஒரு வழி பாருங்கள்.