எம் 20 மரை: சரிவு கிழியுது, 1.53 ஆழம் போயும் நட் ஏறல

ஆறடி_லேத்து

வணக்கம். பெல்ட் டிரைவ் லேத்து, லீட் ஸ்க்ரூ (டூல் உட்கார்ந்திருக்கிற கேரேஜை நகர்த்துற நீளத் திருகு) இஞ்சுக்கு 4 மரை. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடுல எம் 20 × 2.5 வெளிமரை போடணும், அதாவது 20 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 2.5 மி.மீ. இடைவெளி (பிட்ச்). நீளம் 60 மி.மீ., தோள் ஓரத்துல 4 மி.மீ. அகலத்துக்கு அண்டர்கட் (மரை முடியற இடத்துல டூல் வெளியேற வெட்டின பள்ளம்) இருக்கு. ராடு 19.9-க்குக் கடைஞ்சது, டெயில்ஸ்டாக் சென்டர் கொடுத்திருக்கு. டூல் பிரேஸ்டு கார்பைடு, 60 டிகிரி, முனை ஊசி மாதிரி தீட்டினது. 90 ஆர்.பி.எம்., கிராஸ் ஸ்லைடால (டூலை ராடுக்குச் செங்குத்தா நகர்த்துற ஸ்லைடு) நேரா உள்ளே ஏத்துறேன். கூலன்ட் சோப் ஆயில்.

மரையோட ரெண்டு பக்கச் சரிவும் சொரசொரப்பா கிழிஞ்சு வருது. 1.53 மி.மீ. ஆழம் போயும் நட் ஏறல. போதாததுக்கு, ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோட கோக்கிற நட்) தூக்கிட்டு மறுபடி போட்டா சில நேரம் டூல் பழைய பள்ளத்துல விழாம பக்கத்துல ஓடுது. பிட்ச் கேஜ் வச்சுப் பார்த்தாச்சு, கியர் சரிதான். பேசாம டை (மரை வெட்டுற வளையம்) ஓட்டி முடிச்சிடலாமா?

டூல்ரூம்

கடைசிச் சிக்கலை முதல்ல முடிச்சிடலாம். உங்க லீட் ஸ்க்ரூ ஒரு சுத்துக்கு 6.35 மி.மீ. நகர்த்தும். 2.5 பிட்ச்சுக்கு விகிதம் 50/127. லீட் ஸ்க்ரூ மரையும் உங்க மரையும் மறுபடி ஒண்ணா சேர 317.5 மி.மீ. போகணும். அதனால இஞ்சு லீட் ஸ்க்ரூவுல மெட்ரிக் மரை போடும்போது சேசிங் டயலை (ஹாஃப் நட்டை எப்பப் போடணும்னு காட்டுற டயல்) நம்பாதீங்க. முதல் பாஸ்ல போட்ட ஹாஃப் நட்டை மரை முடியற வரைக்கும் தூக்கவே கூடாது.

பாஸ் முடிஞ்சதும் முதல்ல கிராஸ் ஸ்லைடை வெளியே இழுங்க, அப்புறம் ஸ்பிண்டிலை ரிவர்ஸ்ல ஓட்டி கேரேஜைத் திரும்பக் கொண்டு வாங்க. ராடு முனையைத் தாண்டி ஒரு 10 மி.மீ.யாவது வெளியே வந்த பிறகுதான் ஃபார்வர்டு. அரை மி.மீ. வெளியே வந்ததும் திருப்பினா கியர்லயும் ஹாஃப் நட்லயும் இருக்கிற லூசு அடங்கறதுக்குள்ள டூல் வெட்ட ஆரம்பிச்சிடும். முதல் ரெண்டு மரை மட்டும் மெலிஞ்சு நிக்கும். சக் மரை ஏத்தி மாட்டுற வகைன்னா ரிவர்ஸை வெடுக்குன்னு போடாதீங்க, சக் கழண்டு வரும்.

டை பத்தி: சரிவுல இருக்கிற பிசிறை எடுக்க, கடைசி 0.1 மி.மீ.க்கு ஓட்டினா தப்பில்ல. உங்க மரையில இன்னும் நிறைய சதை மிச்சம் இருக்கு. இப்ப டை ஓட்டினா கிழிஞ்ச இடம் இன்னும் கிழியும்.

கூர்முனை

நட் ஏறாததுக்குக் காரணம் அந்த ஊசி முனை. 1.53-ங்கிறது 0.6134 × பிட்ச். அந்தக் கணக்கு, டூல் முனையில 0.36 மி.மீ. ரேடியஸ் இருக்குன்னு வச்சுப் போட்டது. முனை கூரா இருந்தா அதே ஆழத்துல பள்ளம் குறுகலாவே இருக்கும். பிட்ச் டயமீட்டர் (மரையும் பள்ளமும் சம அகலமா இருக்கிற இடத்து விட்டம்) பெருசா நின்னுடும், நட்டோட சரிவு இடிக்கும். முனை ரேடியஸ் 0.1-ன்னா சுமார் 1.79 வரைக்கும் போகணும். அப்படிப் போனா நட் ஏறும், ஆனா பள்ளத்தோட அடி கூரா இருக்கும், போல்ட் உடையறதும் அங்கேதான். அதை விட ஆயில் ஸ்டோன்ல முனையை 0.35 அளவுக்கு உருட்டிடுங்க.

கிழியறது வேற விஷயம். 20 மி.மீ. ராடு 90 ஆர்.பி.எம்.ல ஓடினா வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 5.6 மீட்டர்தான். இந்த வேகத்துல எம்.எஸ். சதை கார்பைடு முனையில ஒட்டி ஒட்டிப் பிரியும், அதான் கிழிசல். கார்பைடு கேட்கிற 80 மீட்டருக்கு 1270 ஆர்.பி.எம். வேணும். அப்ப கேரேஜ் நொடிக்கு 53 மி.மீ. ஓடும், உங்க 4 மி.மீ. அண்டர்கட்டைத் தாண்ட பத்துல ஒரு பங்கு நொடி கூட ஆகாது. எந்தக் கையும் அதுக்குள்ள டூலை இழுக்காது. 90-லேயே இருங்க, ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு மாறுங்க. சோப் ஆயில் வேண்டாம், கந்தகம் கலந்த கட்டிங் ஆயிலை ஒவ்வொரு பாஸுக்கும் பிரஷ்ஷால தடவுங்க. பழைய இன்ஜின் ஆயிலைப் பத்தி யாரும் ஆரம்பிச்சிடாதீங்க, அது கறுப்பைத் தவிர ஒண்ணும் தராது.

தீட்டும்போது இடப்பக்க கிளியரன்ஸைக் கவனிங்க. இந்த மரையோட சாய்வு சுமார் 2.5 டிகிரி, அதுக்கு மேல 4, 5 டிகிரி சேர்த்து 7 வையுங்க. குறைஞ்சா டூலோட விலா சரிவுல உரசும். டாப் ரேக் (டூல் மேல்முகத்தோட சாய்வு) பூஜ்யம். முனை உயரத்துக்கு, டூலுக்கும் ராடுக்கும் நடுவுல ஸ்டீல் ஸ்கேலை லேசா அழுத்திப் பிடிங்க. நேரா நின்னா சென்டர். ஸ்கேலோட தலை ராடு பக்கம் சாஞ்சா டூல் மேலே, உங்க பக்கம் சாஞ்சா கீழே.

காம்பவுண்டு29

ரெண்டு பேரும் நேரா ஏத்துறதைத் தொடவே இல்லையே. 2.5 பிட்ச்ல நேரா ஏத்தினா ரெண்டு சரிவுலயும் ஒரே நேரத்துல சீவல் வந்து நடுவுல முட்டிக்கும். 1.5 பிட்ச் வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல காம்பவுண்டுதான் (கிராஸ் ஸ்லைடு மேல இருக்கிற, கோணத்துக்குத் திருப்பக்கூடிய குட்டி ஸ்லைடு). 29.5 டிகிரிக்குத் திருப்பி அதாலேயே ஏத்துங்க. கிராஸ் ஸ்லைடு வெளியே இழுக்கவும் பூஜ்யத்துக்குத் திரும்பவும் மட்டும். டூலைச் சாய்வுக்கு ஏத்த மாதிரி திருப்பாம, சென்டர் கேஜ் வச்சு ராடுக்கு நேரா நிறுத்துங்க.

1.53 ஆழத்துக்குக் காம்பவுண்டு டயல்ல 1.76. முதல் பாஸ் 0.25, அப்புறம் 0.2, 0.15-ன்னு குறைச்சுக்கிட்டே வாங்க. உள்ளே போகப் போக வெட்டுற விளிம்பு நீளமாகும், அதே அளவு கொடுத்தா டூல் திணறும். கடைசியா 0.05, அதுக்கப்புறம் ஏத்தாம வெறுமனே ரெண்டு பாஸ்.

ஆறடி_லேத்து

ஹெச்.எஸ்.எஸ். போட்டு, முனை உருட்டி, ஹாஃப் நட் தூக்காம ஒரு துண்டு ராடுல ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கச் சரிவு பளபளன்னு வருது. ஆனா வலப்பக்கம் படிக்கட்டு மாதிரி கோடு. காம்பவுண்டு 1.76 போயும் மரை மேலோட்டமாத்தான் இருக்கு.

காம்பவுண்டு29

காம்பவுண்டோட கோண ஸ்கேல்ல பூஜ்யம் எங்கேன்னு பாருங்க. பல லேத்துல காம்பவுண்டு பெட்டுக்கு இணையா நிக்கும்போது பூஜ்யம் காட்டும். அங்கிருந்து 29.5 திருப்பினா, நமக்கு வேண்டிய கிராஸ் ஸ்லைடு திசையிலிருந்து அது 60.5 ஆயிடும். 1.76 ஏத்தினா உள்ளே போறது 0.87 மட்டும், மிச்சமெல்லாம் பக்கவாட்டு நகர்வு. அதான் படிக்கட்டு. உங்க ஸ்கேல் அந்த வகைன்னா 60.5 காட்டணும், கைப்பிடி டெயில்ஸ்டாக் பக்கம் சாஞ்சு நிக்கணும்.

ரொம்ப மெல்லிய கோடுதான்னா கோணம் காரணம் இல்ல, காம்பவுண்டு கிப் (ஸ்லைடு ஆடாம இறுக்குற பட்டை) லூசா இருக்கும்.

டூல்ரூம்

நட் ஏறுதுங்கிறதை மட்டும் வச்சு நிறுத்திடாதீங்க, கடையில வாங்கின நட்டே தளர்வா இருக்கலாம். 1.443 மி.மீ. கம்பி மூணு வச்சு மைக்ரோமீட்டர்ல அளங்க. 6ஜி-க்கு (வெளிமரைக்கு வழக்கமான அளவு வரம்பு) 20.33-லிருந்து 20.49-க்குள்ள வரணும். அளக்கிறதுக்கு முன்னாடி பள்ளத்துல இருக்கிற சீவலைப் பிரஷ்ஷால எடுங்க, ஓடும்போது துணி வச்சுத் துடைக்காதீங்க.