அப்பத்தாவுக்குச் சொத்தைப் பல் அடைக்கணும், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

பள்ளத்தூரில் இருக்கும் எங்கள் அப்பத்தாவுக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை. ஐஸ் தண்ணீர் பட்டால் சுள்ளென்கிறது, மற்றபடி தானாக வலிப்பதில்லை. எக்ஸ்ரே பார்த்த காரைக்குடி டாக்டர், நரம்பு வரை போகவில்லை, ரூட் கெனால் வேண்டாம், குடைந்து சுத்தம் செய்து அடைத்தால் போதும் என்கிறார். பல் நிறத்திலேயே பூசி, நீல விளக்கு காட்டி இறுக வைப்பார்களாம். மரத்துப்போக ஊசி என்றதும் அப்பத்தா கிராம்புத் தைலத்தைத் தேடுகிறார். (வலி அடங்கும், சொத்தை அடங்குமா?)

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. அன்று காலை சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே போகலாமா? மரத்த உதடு சரியாக எவ்வளவு நேரமாகும்? அடைத்தபின் கூச்சம் சில நாள் இருக்குமா? வயதானவர்களை அழைத்துப்போனவர்கள் சொல்லுங்கள். சீப்புச்சீடை எப்போது கடிக்கலாம் என்பதையும் கேட்கச் சொன்னார்.