மாடியால விழுந்த பூனை: சலம் போனால் பயமில்லையா?

கேள்வி (வெள்ளவத்தை)
4 கிலோ பூனை, மூன்றாம் மாடி பல்கனியால விழுந்திட்டுது. வெளிக்காயம் இல்லை, ஒருக்கா சலமும் போனது. இப்ப கட்டிலுக்குக் கீழ அசையாமல் கிடக்கு. சலம் போனபடியால் சலப்பை சரி என்று எடுக்கலாமா? காலையில கொண்டுபோகலாமா?

பதில் 1
இப்பவே கொண்டுபோங்கோ. சலப்பையில சின்ன ஓட்டை என்றால் கொஞ்சம் வெளிய போகும், மிச்சம் வயிற்றுக்குள்ள வடியும். கைக்குச் சலப்பை தட்டுப்பட்டாலும் நம்பேலாது.

அசையாமல் கிடக்கிறதுதான் யோசிக்க வைக்குது. அதிர்ச்சியில, அதாவது உடம்புக்கு இரத்த ஓட்டம் போதாமல் போகேக்க, நாய்க்கு இதயம் வேகமா அடிக்கும். பூனைக்கு அனேகமா குறையும். நிமிஷத்துக்கு 140க்குக் கீழ, காது குளிர், முரசு வெளிறல், மூன்றும் சேர்ந்தால் ஆபத்து.

வயிற்றை அமத்திப் பார்க்க வேண்டாம். துவாயோட அப்படியே தூக்கி, மேல்மூடி கழற்றுகிற கூடைக்குள்ள வையுங்கோ. வாயைத் திறந்து மூச்சு விட்டால் பிரிமென்றகடு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசை) கிழிந்து குடல் நெஞ்சுக்குள்ள ஏறியிருக்கலாம். அது எப்படி இருக்க விரும்புதோ அப்படியே விடுங்கோ. சாப்பாடு கொடுக்காதேங்கோ, மயக்கமருந்து தேவைப்படலாம். பனடோல் வேண்டவே வேண்டாம், பாதிக் குளிசையே பூனையைக் கொல்லும்.

பதில் 2
புறப்பட முதல் போன் பண்ணி, இரவில ஸ்கான் பார்க்க ஆள் இருக்கா என்று கேளுங்கோ. பேராதனை மிருக வைத்தியசாலைக்கு ஓடுகிற யோசனை வேண்டாம், பாதையிலயே மூன்று மணித்தியாலம் போயிடும்.

அங்க முதல் ஒட்சிசன், பிறகு சேலைன்: கிலோவுக்கு 5–10 மில்லிலீற்றர், 15–20 நிமிஷத்தில. இந்தப் பூனைக்கு 20–40தான். கூட நடக்கிற பிழை இதிலதான்: உடம்பு குளிர்ந்திருக்கேக்க இரத்த அழுத்தம் ஏறவில்லை என்று மேல மேல ஏற்றுவது. சூடானதும் நுரையீரலில தண்ணி கோர்த்திடும். சேலைனோட சேர்த்தே சூடாக்க வேணும்.

ஸ்கானில வயிற்றுக்குள்ள நீர் தெரிந்தால் ஊசியால எடுத்து இரத்தத்தோட ஒப்பிடுவினம். கிரியேற்றினின் (சலத்தோட போகிற கழிவு) இரத்தத்தில இருக்கிறதைப்போல 2 மடங்குக்கு மேல, பொட்டாசியம் 1.9 மடங்குக்கு மேல என்றால் அது சலம். உடன வெட்டுவதில்லை, குழாய் போட்டு வடியவிட்டு, இரத்தத்தில ஏறின பொட்டாசியத்தை இறக்கின பிறகுதான் சத்திரசிகிச்சை. முதல் ஸ்கானில ஒன்றுமில்லை என்றாலும் சில மணித்தியாலத்தில திரும்பப் பார்க்கச் சொல்லுங்கோ, கசிவு மெல்லத்தான் சேரும்.

பதில் 3
ஒன்று விடுபட்டுப் போச்சு. இரத்தம் ஏற்றவேண்டி வந்தால் வகை பார்க்காமல் ஏற்ற விடாதேங்கோ. நாய்க்கு முதல்தரம் அனேகமா தப்பும். பி வகைப் பூனைக்கு ஏ வகை ஏற்றினால் முதல்தரமே உயிர் போகலாம்.