தோட்ட லயத்துப் பூனை குட்டி போடும்போது: தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மலேசியாவில், நம்ம பேராக் சுங்கை சிப்புட் பக்கம் பூனைக்குப் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. குளிர்நாட்டில் பகல் குறையும் மாதங்களில் பெட்டை அடங்கிவிடும். இங்கே வருடம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம். சினைப்படாத பெட்டை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை உருண்டு உருண்டு கத்தும். கடுவன் சேர்ந்த பிறகுதான் கருமுட்டை இறங்கும். பல கடுவன் சேர்ந்தால் ஒரே ஈற்றில் குட்டிக்குக் குட்டி தகப்பன் வேறாகலாம். சேர்ந்த நாளைக் கலண்டரில் குறித்துவிடுங்கள். சினைக்காலம் பெரும்பாலும் 63 முதல் 65 நாள். மூன்றாம் வாரத்தில் காம்பு சிவந்து தடிக்கும்.

*

மேலே எழுதிய அண்ணன் சொன்னது சரி. குட்டி போடுவதற்கான பெட்டியைப் பத்து நாள் முன்பே வைத்துவிடணும். தாய் நீட்டிப் படுக்கிற அளவு மைலோ அட்டைப்பெட்டி போதும், அடியில் பழைய பருத்தித் துணி. நூல் சுருள் தொங்கும் துவாலை வேண்டாம், குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். நம்ம வீட்டுத் தகரக் கூரை மதியம் கொதிக்கும், அந்த அறையைத் தவிருங்கள். எறும்புதான் பெரிய தொல்லை: பெட்டியை ஸ்டூல்மேல் ஏற்றி, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தண்ணீரில் ஊற்றினால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினியால் பெட்டியைத் துடைக்கவே கூடாது, பூனைக்கு அது விஷம்.

*

முக்கத் தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பலமாக முக்கி 20, 30 நிமிடத்தில் குட்டி வரவில்லையா, காடியை எடுத்து மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். குட்டிக்கு முன்னால் ரத்தம் கொட்டினாலும், பாதி வந்த குட்டி சிக்கி நின்றாலும் அப்படியே. பின்னங்கால் முதலில் வருவது பூனைக்குச் சகஜம், பதற வேண்டாம். ஆள் கூட்டம் கூடினால் தாய் பயந்து ஈற்றை நிறுத்திவைக்கும்; பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். இரவில் எந்தக் கிளினிக் திறந்திருக்கும் என்று முன்கூட்டியே ஈப்போவில் விசாரித்து வையுங்கள்.

*

தாய் நக்காமல் விட்டால் பனிக்குடத் தோலை மூக்கருகே கிழித்து, வாயைத் துடைத்து, துணியால் முதுகைத் தேய்க்கணும். குட்டியைத் தலைகீழாகச் சுழற்றுகிறார்களே, அது மூளையைக் கெடுக்கும். தாய் கடிக்காத தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் விட்டு நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டுங்கள். கொடியைப் பிடித்து இழுத்தால் தொப்புளில் குடல் பிதுங்கும். குட்டிக்கு ஒரு நஞ்சுக்கொடி வெளியே வரணும், எண்ணிக்கை வையுங்கள்.

*

பிறந்த குட்டி சுமார் 100 கிராம். சமையல் தராசில் தினமும் நிறுத்தால் 10 கிராமாவது ஏறணும். ஏறாவிட்டால் பால் போதாமல் இருக்கலாம். டின் பாலைக் கரைத்து ஊற்றும் பழக்கத்தை விடுங்கள், பேதியாகி ஒரே நாளில் வற்றிவிடும். பூனைக்குட்டிப் பால்மாவு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். குட்டியைக் குப்புற வைத்தே ஊட்டுங்கள். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குப் போகும். கதவையும் சாத்தி வையுங்கள், பால் கொடுக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும்.